ஆளுக்கொரு சட்டி

ஒரு சட்டியில் சமைத்துப் பத்துப்பேருக்குப் பங்கிடுவது நியாயமா? அல்லது பத்துச் சட்டிகளில் அளந்து வைத்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பது நியாயமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது குசினிக்குள்ளேயே முடிந்துபோகிற கேள்வி. ஆனால் 'பங்கு' என்ற சொல் வருகிற இடத்தில் யார் அளந்தது, யாருக்குக் குறைந்தது, யார் கடைசிவரை காத்திருந்தது என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. நம்மவர்களில் எத்தனையோ பேர் ஐரோப்பிய நகரங்களின் குசினிகளில் நின்றுதான் சீவிக்கிறோம். நீதி பற்றிய நூல்களைச் சிலர் படித்தோம், சிலர் பாதியில் விட்டோம். ஆனால் பங்கிடுகிற வேலையை ஒவ்வொரு நாளும் கையால் செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கேள்வியை எங்கள் கையிலுள்ள ஒரு சட்டியை வைத்தே பேசிப்பார்க்கலாம்.

பிரான்சின் கிழக்கெல்லையில், ஜேர்மனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அல்சாஸ் பகுதியின் சாப்பாடு 'பேக்கஓஃப்'. அந்த ஊர் மொழியில் அதற்குப் 'பாண்காரரின் போறணை' என்று பொருள். மாடு, பன்றி, ஆடு என்று மூன்று இறைச்சியையும் துண்டுகளாக வெட்டி, வெங்காயம், லீக்ஸ், கரட், உள்ளி, வாசனை இலைகளோடு வெள்ளை வைனில் ஓர் இரவு ஊறவைப்பார்கள். மறுநாள் மண்சட்டியின் அடியில் வட்டமாகச் சீவிய உருளைக்கிழங்கைப் பரப்பி, அதன்மேல் இறைச்சி, மரக்கறி, திரும்பவும் உருளைக்கிழங்கு என்று அடுக்கி, ஊறிய வைனை ஊற்றி மூடுவார்கள். மூடிக்கும் சட்டிக்கும் இடையிலுள்ள இடுக்கைப் பிசைந்த கோதுமை மாவால் சுற்றிவர அடைப்பார்கள். பிறகு மிதமான சூட்டில் மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ போறணைக்குள் இருக்கும். ஆவி வெளியே போகாது. இறைச்சியின் சாறு கிழங்குக்குள் இறங்கும். உறைப்புக்குப் பழகிய நம் நாக்குக்கு முதலில் சப்பென்றிருக்கும். போகப்போகப் பிடித்துவிடும்.

இந்தச் சட்டி பாரிசுக்கு வந்த கதை நமக்குத் தூரத்துக் கதையல்ல. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றதும் அல்சாஸ் ஜேர்மனியின் கைக்குப் போனது. பிரெஞ்சுக் குடியுரிமையை விடமாட்டோம் என்றவர்கள் 1872 ஒக்டோபர் 1க்கு முன்னர் ஊரைவிட்டு வெளியேறவேண்டியிருந்தது. பாரிசில் 'பிரசரி' எனப்படும் உணவகங்கள் பெருகியதில் அல்சாஸ்காரருக்குப் பெரிய பங்குண்டு. சென்-ஜேர்மன் பெருந்தெருவில் லெயோனார் லிப் என்ற அல்சாஸ்காரர் 1880இல் திறந்த உணவகம் இன்றும் இருக்கிறது. ஊரை இழந்தவர்கள் ஊர்ச் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று அந்தச் சாப்பாட்டைப் பல குசினிகளில் சமைப்பது வேறு ஊர்களை இழந்தவர்கள்.

அல்சாஸ் வீடுகளில் இதற்குப் பெரிய நீள்வட்டச் சட்டி. சூஃப்ளன்ஹைம் என்ற கிராமத்துக் குயவர்கள் செய்கிற, பூப்போட்ட சட்டி. அதை மேசை நடுவில் வைத்து, காய்ந்த மாவைத் தட்டி உடைத்துத் திறப்பார்கள். எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவார்கள். உணவகத்தில் இது சரிவராது. ஒரு மேசைக்கு இரண்டுபேர் வருவார்கள், இன்னொன்றுக்குத் தனியே ஒருவர் வருவார். ஆகவே சட்டி சுருங்கிவிடுகிறது. ஆளுக்கொரு சின்னச் சட்டி. மாலைச் சாப்பாட்டுக்கு 40 சட்டி என்றால் பிற்பகலிலேயே நாற்பதையும் வரிசையாக வைத்து நிரப்பத் தொடங்குவோம். ஒவ்வொன்றுக்கும் இறைச்சி இத்தனை கிராம், கிழங்கு இத்தனை கிராம் என்று தராசில் வைத்து எடுப்போம். 10 கிராம் கூடினாலும் எடுத்துவிடவேண்டும், குறைந்தாலும் போடவேண்டும்.

அந்த வரிசையைப் பார்த்தால் ஒரு கணம் மனதுக்கு நிறைவாயிருக்கும். அமைச்சர் வந்தாலும் தபாற்காரர் வந்தாலும் ஒரே அளவு! இதைவிடச் சமத்துவம் வேறென்ன வேண்டும்?

*

ஆனால் போறணை அந்தச் சமத்துவத்தை அப்படியே விட்டுவைப்பதில்லை. எந்தப் போறணையிலும் சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. பின்மூலையில் கூடுதலாக இருக்கும், கதவுப்பக்கம் குறைவாக இருக்கும். சின்னச் சட்டியில் உள்ளிருக்கும் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் வெளிப்புறம் அதிகம். ஆகவே அது பெரிய சட்டியைவிட வேகமாகச் சூடேறி வேகமாக வற்றும். ஒரே அளவில் வைத்த நாற்பதில் மூலையிலிருந்தது அடிப்பிடிக்கும், கதவோரம் இருந்தது வேகாமல் கிடக்கும். அதனால் அரைவாசி நேரத்தில் தட்டுகளை இடம்மாற்றி, முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் திருப்பி வைக்கவேண்டும். அளவைச் சமமாக வைப்பது தராசின் வேலை. சூட்டைச் சமமாக்க ஓர் ஆள் திரும்பத் திரும்பக் குனிந்து நிமிரவேண்டும். சட்டம் எல்லாருக்கும் சமம் என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிற அரசுகளுக்கு இந்த இரண்டாவது வேலை ஒருபோதும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

இன்னொன்று. சட்டியின் அளவைத் தீர்மானிப்பது யாருடைய வயிறும் அல்ல. அது விலைப்பட்டியலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்த அளவு. நாள்முழுதும் சீமெந்து மூட்டை தூக்கியவருக்கும் கதிரையில் இருந்தவருக்கும் அதே கிராம்தான். 1875இல் ஜேர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்து மார்க்ஸ் எழுதியதில் முக்கியமான வாதம் இதுவே. சமமில்லாத மனிதர்களைச் சமமான அளவுகோலால் அளந்தால் கிடைப்பது சமமின்மைதான் என்றார் அவர். ஒருவருக்குப் பிள்ளைகள் உண்டு, மற்றவருக்கு இல்லை. ஒருவர் பலசாலி, மற்றவர் நோயாளி. அளவுகோலுக்கு இதெல்லாம் தெரியாது. அதைத் தாண்டி அவரவர் தேவைக்கேற்பப் பெறுகிற ஒரு சமூகத்தைத்தான் அவர் கற்பனை செய்தார்.

அப்படியானால் பொதுச்சட்டிதான் நீதியா? தேவையறிந்து அகப்பை அள்ளுமே! பசித்தவருக்கு இன்னொரு அகப்பை, பசியாதவருக்கு அரை அகப்பை.

நம் நினைவுகளும் உடனே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஒடியற்கூழ் வைத்த இரவுகளை நினைக்காதவர் நம்மில் யார்? ஒரு பானை. மீனும் நண்டும் இறாலும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் ஒன்றாகக் கொதிக்கும். முற்றத்தில் சுற்றியிருந்து, பனையோலையில் கோலிய பிளாவில் வாங்கிக் குடிப்போம். புலம்பெயர்ந்த எழுத்தில் இந்தக் கூழ்ப்பானை எத்தனை தடவை கொதித்துவிட்டது! 'ஊரில் எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம், இங்கே வந்து ஆளுக்கொரு சட்டியாகிவிட்டோம்' என்ற பெருமூச்சு நம் எல்லாக் கூட்டங்களிலும் கேட்கிறது.

இந்தப் பெருமூச்சைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துவிட்டு அந்தச் சட்டிக்குள் எட்டிப்பார்ப்போம்.

*

அகப்பை யார் கையில் இருந்தது? அம்மாவின் கையில். அப்பாவுக்கு முதலில், பிறகு ஆண்பிள்ளைகளுக்கு, பிறகு பெண்பிள்ளைகளுக்கு. நடுத்துண்டு மீன் யாருக்கு, தலையும் வாலும் யாருக்கு என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். அம்மா கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிட்டார். அல்லது 'எனக்குப் பசியில்லை' என்றார். பொதுச்சட்டியின் பெரிய வசதி இதுதான். யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பதற்கு அங்கே கணக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் குறைந்தவர் யாரென்று காட்டவும் வழியில்லை. உலகத்தில் இருந்திருக்கவேண்டிய பெண்களில் 100 மில்லியனுக்கு மேற்பட்டோர் இல்லாமற்போயிருக்கிறார்கள் என்று அமர்த்தியா சென் 1990இல் எழுதினார். உணவிலும் மருத்துவத்திலும் பெண்களுக்கு நேர்ந்த புறக்கணிப்பை அதற்குக் காரணமாகச் சுட்டினார். அந்தப் புறக்கணிப்பில் ஒரு பகுதி பொதுச்சட்டியைச் சுற்றித்தான் நடந்திருக்கவேண்டும். அன்போடும் சிரிப்போடும்தான் நடந்திருக்கவேண்டும்.

அம்மாவுக்கென்று ஒரு தனிச்சட்டியை அளந்து வைத்திருந்தால்? அவர் அதைத் திறந்து பிள்ளைக்கு ஒரு துண்டு கொடுத்திருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அப்போது அது கொடுத்தலாக இருந்திருக்கும். தன் பங்கு எதுவென்று தெரிந்த பிறகுதான் ஒருவர் அதிலிருந்து கொடுக்கமுடியும். பங்கே இல்லாதவரிடமிருந்து வருவதைத் தியாகம் என்று பெயரிட்டுப் போற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் தனிப் பாத்திரத்துக்கும் நம்மிடம் ஒரு வரலாறு உண்டு. அது நல்ல வரலாறு அல்ல. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தனிப் பாத்திரம் இருந்தது. சிரட்டையிலும் தகரப்பேணியிலும் வாங்கி வெளியே நின்று குடிக்கவேண்டும். பொது இடங்களில் சாதி காட்டித் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் கடைக்குள் நுழையவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போன ஊர்வலத்துக்கும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடை, கோயில் நுழைவுப் போராட்டங்களுக்கும் பிறகுதான் பல கடைகளில் பேணி மாறியது. அதற்காக உயிர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கே. டானியலின் எழுத்து முழுவதும் இந்தக் காயத்தின் எழுத்து.

அதே ஊரில் பொதுச்சட்டியும் இருந்தது. கலியாண வீட்டில் ஒரே கிடாரத்தில் சோறு வேகும். ஆனால் பந்தி வேறு. முதற்பந்தி யாருக்கு, கடைசிப்பந்தி யாருக்கு, வேலிக்கு வெளியே யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டி ஒன்றாக இருந்தும் மனிதர் ஒன்றாக இருக்கவில்லை.

ஆகவே தனிச்சட்டி அவமானம், பொதுச்சட்டி உறவு என்று சொல்லமுடியாது. மறுதலையாகவும் சொல்லமுடியாது.

*

பேக்கஓஃப் இந்த இடத்தில் நமக்கு ஒன்று சொல்கிறது. அதன் பெயருக்கு அல்சாசில் இரண்டு கதைகள் சொல்வார்கள். திங்கட்கிழமை உடுப்புத் தோய்க்கிற நாள். பெண்களுக்கு அடுப்படியில் நிற்க நேரமில்லை. ஞாயிறு இரவே சட்டியை அடுக்கி வைத்து, காலையில் பாண்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாண் சுட்டு முடிந்த போறணையின் மிச்சச் சூட்டில் அது மெல்ல வேகும். மற்றக் கதை அந்தப் பகுதி யூதர்களுடையது. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே சட்டியைப் பாண்காரரின் போறணையில் விட்டுவிடுவார்கள். எது முந்தியது என்று நாம் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு கதையிலும் பொதுவான விடயம் ஒன்றுண்டு. சட்டி அவரவருடையது, நெருப்பு ஊருக்குப் பொது. இவரது வீட்டுச் சட்டியில் என்ன இருக்கிறது என்று அவரது வீடு கேட்காது. மாவால் அடைத்த மூடியைப் பாண்காரரும் திறக்கமாட்டார்.

பொது நெருப்பு என்றதும் மகிழ்ந்துவிடவும் கூடாது. நிலப்பிரபுக்களின் காலத்தில் பிரெஞ்சுக் கிராமங்களில் ஊருக்கொரு போறணை இருந்தது. அது பிரபுவின் போறணை. பல இடங்களில் சொந்தமாகப் போறணை வைத்திருக்கத் தடை. அங்கேதான் பாண் சுடவேண்டும், அதற்குக் கட்டணமும் கொடுக்கவேண்டும். பிரெஞ்சுப் புரட்சி அந்த உரிமையைப் படிப்படியாக ஒழித்து, 1793இல் எஞ்சியதையும் இழப்பீடின்றி இல்லாமற் செய்தது. எல்லாரும் பாவிக்கிற நெருப்பு என்பதற்காக அது எல்லாருடைய நெருப்பும் ஆகிவிடாது.

ரெஸ்ரோரண்ட் என்ற இடத்தின் பிறப்பும் இதே கேள்வியோடு கட்டுண்டதுதான். அந்தச் சொல் முதலில் குறித்தது உடலைத் தேற்றும் ஒரு ரசத்தை. 1760களின் பாரிசில் அதை விற்கத் தொடங்கிய கடைகளுக்கும் பின்னர் அதே பெயர் நிலைத்தது. அதற்கு முன் வெளியூரார் பெரும்பாலும் சத்திரத்துப் பொதுமேசையில், குறித்த நேரத்தில், வைத்ததைச் சாப்பிட்டார்கள். 1780களின் பாரிசைப் பதிவுசெய்த லூயி செபஸ்தியான் மெர்சியே அந்த மேசையைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார். நல்ல சாப்பாடு வைக்கிற நடு இடத்தை வழக்கமானவர்கள் பிடித்துக்கொள்வார்கள், புதிதாக வந்தவர் ஓரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அவரது குறை. பொதுமேசையில் அந்நியனுக்குக் கிடைக்காத பங்கு, தனிமேசையும் தனிச்சட்டியும் வந்தபோது கிடைத்தது. காசு இருந்தால்!

தனிச்சட்டியின் இன்னொரு நன்மையை நாங்கள் குசினியில் காண்கிறோம். மூன்று இறைச்சியும் கலந்த பெரிய சட்டியில் பன்றி தின்னாதவருக்கு இடமில்லை, மாடு தின்னாதவருக்கும் இல்லை, இறைச்சியே தொடாதவருக்கும் இல்லை. ஆளுக்கொரு சட்டி என்றால் ஒன்றில் ஆடு மட்டும் வைக்கலாம், ஒன்றில் மரக்கறி மட்டும் வைக்கலாம். வைன் ஆகாது என்பவருக்கு மரக்கறி அவித்த சாறு ஊற்றலாம். நான்கு விதமான நம்பிக்கை கொண்ட நான்குபேர் ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம். சட்டியைப் பிரித்ததால் மேசை பிரியாமல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடையில் பேணியைப் பிரித்தது மேசையைப் பிரிக்க. இரண்டும் தனிப் பாத்திரம்தான். ஆனால் ஒன்று மற்றதற்கு நேரெதிர். பெரும்பான்மையின் ருசியை ஒரே சட்டியில் கொதிக்கவைத்து 'இதுதான் ஒற்றுமை, வந்து சாப்பிடு' என்று கூப்பிடுகிற எந்த அரசியலையும், எந்த இயக்கத்தையும் நாம் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

*

இத்தனையும் சொன்ன பிறகும் தனிச்சட்டியிடம் ஒரு தீராத குறை இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றமுடியாது.

கூழ்ப்பானைக்கு எதிர்பாராமல் நாலுபேர் வந்தால் நாலு செம்பு தண்ணீர் விட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டால் போதும். எல்லாருக்கும் ருசி கொஞ்சம் குறையும், ஒருவரும் பட்டினி இல்லை. 2009இல் வன்னியின் கடைசி மாதங்களில் எத்தனையோ பேரை உயிரோடு வைத்தது அப்படியொரு கிடாரம்தான். அரிசி கொஞ்சம், தண்ணீர் அதிகம். இன்று மே 18இல் நாம் நினைவாகக் குடிக்கிற கஞ்சி அந்தக் கிடாரத்தின் கஞ்சி. அங்கே தராசு இருந்திருந்தால் வரிசையின் பின்பாதி வெறுங்கையோடு திரும்பியிருக்கும்.

40 சட்டி வைத்த இரவில் 41ஆவது ஆள் வந்தால் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். உடனே சமைத்துக் கொடுக்கவும் முடியாது. சின்னச் சட்டிக்கே ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். இதை அறிந்த சமையற்காரர் எண்ணிக்கைக்கு மேலே இரண்டு மூன்று சட்டிகளை அடுக்கச் சொல்வார். கணக்கின்படி அது நட்டம். ஆள் வராவிட்டால் அடுத்தநாள் அது எங்கள் சாப்பாடு. மற்ற நாட்களில் வேலை தொடங்கமுன்னர் ஆறு மணிக்கு, வெட்டிக் கழித்த இறைச்சித் துண்டுகளைப் பெரிய சட்டியொன்றில் போட்டுச் சமைத்து எல்லாருமாகச் சாப்பிடுவோம். அளந்து வைப்பவர்கள் அளக்காததைச் சாப்பிடுகிறோம். அந்தப் பொதுச்சட்டிக்குக் கடைசியில் வருபவர் கோப்பை கழுவுகிறவர். கைவேலை முடியாமல் அவர் வரமுடியாது. வரும்போது சட்டியின் அடிதான் இருக்கும். ஊரில் அம்மாக்கள் இருந்த இடத்தில் இங்கே அவர் நிற்கிறார். அவருக்கு முதலிலேயே ஒரு கோப்பையில் எடுத்து மூடிவைப்பது என்று சில குசினிகளில் பழக்கம் உண்டு. பொதுச்சட்டியிலிருந்து எடுத்து வைத்த ஒரு தனிப்பங்கு. நீதி என்பதை எங்களிடம் கேட்டால் அந்த மூடிவைத்த கோப்பையைத்தான் காட்டுவோம்.

சட்டி ஒன்றா பலவா என்று கேட்டால் பதில் வராது. நெருப்பு யாருடையது, தராசு யார் கையில், மேசை ஒன்றா, பிந்தி வருபவருக்கு என்ன மிச்சம் என்று கேட்டால்தான் வரும். முதல் மூன்றையும் பிறரைப் பார்த்துக் கேட்பது நமக்குச் சுலபம். நாலு தசாப்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாலாவது நம்மை நோக்கி வருகிறது.

2015இல் பாரிசின் லா ஷப்பல் மெற்றோப் பாலத்தின் கீழே, நம் கடைத்தெருவிலிருந்து சில அடி தூரத்தில், சூடானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் வந்தவர்கள் கூடாரமடித்துக் கிடந்தார்கள். யூன் மாதத்தில் பொலிஸ் வந்து அவர்களை அகற்றியது. அதன் பிறகும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கூடாரங்கள் முளைப்பதும் பிடுங்கப்படுவதுமாக ஆண்டுகள் போயின. அந்த நாட்களில் நம் கடைகளின் வாசலில் இரண்டு விதமான பேச்சும் கேட்டது. 'பாவங்கள், நாங்களும் இப்படித்தானே வந்தனாங்கள்' என்பது ஒன்று. 'இவங்கள் வந்து எல்லாத்தையும் பழுதாக்கிறாங்கள். இனி ஒருத்தருக்கும் விசா குடுக்கக்கூடாது' என்பது மற்றது. இரண்டாவதைச் சொன்னவரும் ஒரு காலத்தில் எண்ணிக்கைக்கு மேலே வந்து நின்றவர்தான். அவருக்கும் ஒரு சட்டி எங்கோ மிச்சமிருந்தது. அதை வைத்தவர் யாரென்று அவருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தக் கடனை வைத்தவருக்கே திருப்பிக் கொடுக்கமுடியாது. பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்கமுடியும்.